சலவைத் தொட்டியிலிருந்து தொடங்கச் சொல்

அன்புள்ள கமலா,

பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி மனதை நிறைத்தது. அமெரிக்கத் தெற்கின் வரலாற்றில் பருத்திக்காட்டைத் தாண்டி என்ன படிக்கலாம் என்று கேட்கிறாளாமே. சலவைத் தொட்டியிலிருந்து தொடங்கச் சொல்.

1880 வாக்கில் அட்லாண்டாவில் கூலிக்குப் போன கறுப்பினப் பெண்களில் 98 சதவீதம் பேர் வீட்டுவேலைதான் செய்தார்கள். பிள்ளைகுட்டிக்காரிகள் அதிலும் சலவையைத் தேடிப் போனார்கள். மாதக் கூலி வெறும் 4 முதல் 8 டாலர். ஆனாலும் துணியைத் தங்கள் வாசலுக்கே கொண்டுவந்து வெளுக்கலாம். எஜமானியின் அதட்டல் இல்லை, அந்த வீட்டு ஆண்களுக்குப் பயப்படவும் வேண்டாம். அடிமைமுறை ஒழிந்து பதினைந்து வருஷமே ஆகியிருந்த ஊரில் அது பெரிய விஷயம்.

வேலையோ இடுப்பை ஒடிக்கும். திங்கட்கிழமை மூட்டையை எடுத்தால் சனிக்கிழமை மடித்துக் கொடுக்க வேண்டும். பீர் பீப்பாயைக் குறுக்கே அறுத்தால் இரண்டு தொட்டி. சாம்பல் காரத்தில் சோப்பும் கோதுமைத் தவிட்டில் கஞ்சியும் அவர்களே காய்ச்சினார்கள். தண்ணீர் சுமந்து, ஊறவைத்து, பலகையில் தேய்த்து, கொப்பரையில் கொதிக்கவிட்டு, அலசி, கஞ்சி போட்டுக் காயவைத்த பிறகு இஸ்திரி. அடுப்பில் காயும் இரும்புகளை மாற்றி மாற்றி எடுப்பார்கள். சூடு குறைந்தால் சுருக்கம் போகாது, கூடினால் துணி பொசுங்கும். அடியில் கரி ஒட்டியிருந்தால் வெள்ளைச் சட்டை மறுபடி தொட்டிக்குத்தான்.

கூலி இத்தனை மலிவு என்பதால் ஏழை வெள்ளையர் வீட்டு அழுக்கும் இவர்களிடமே வந்தது. தானே வறுமையில் இருந்த வெள்ளைப் பெண்ணின் சுமையில் ஒரு பங்கைக் கறுப்பினப் பெண் சுமந்தாள். பேத்தி இந்த முடிச்சை விட்டுவிடக் கூடாது.

1881 ஜூலையில் இருபது பேர் கூடிச் சலவைச் சங்கம் தொடங்கினார்கள். 12 பவுண்டு துணிக்கு, அதாவது சுமார் ஐந்தரைக் கிலோவுக்கு, 1 டாலர் கேட்டார்கள். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்து, மூன்றே வாரத்தில் 3,000 பேர். அக்டோபரில் நகரில் பருத்திக் கண்காட்சி நடக்கவிருந்தது, வெளியூர்க் கூட்டம் வரும். நேரம் பார்த்துத்தான் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கைது நடந்தது, 5 முதல் 20 டாலர் வரை அபராதம் விழுந்தது. கட்ட மறுத்த ஒருத்திக்கு 40 நாள் சங்கிலி பூட்டிய கைதிகளோடு கட்டாய வேலை.

சங்கத்தில் இருப்பவர்களுக்கு வருஷம் 25 டாலர் உரிமக் கட்டணம் என்று நகரசபை மிரட்டியது. மேயர் ஜேம்ஸ் இங்லிஷுக்குப் பெண்கள் எழுதிய பதில் எனக்கு ஆகப் பிடித்தது: 25 என்ன, 50 டாலரும் கட்டுகிறோம், ஆனால் ஊர்ச் சலவை முழுவதும் எங்கள் கையில் இருக்கட்டும். பல மாதச் சம்பளத்தையே தரத் துணிந்தார்கள், பார்! நகரசபை அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது.

அடுத்து முதியோர் ஓய்வூதியம் தந்த 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வீட்டுவேலைக்காரர்களையும் விவசாயக் கூலிகளையும் ஏன் வெளியே நிறுத்தின என்று அவள் தேடிப் பார்க்கட்டும். கூலிச் சட்டத்துக்குள் வீட்டுவேலை வர 1974 வரை ஆயிற்று.

மூட்டுவலிக்கு மருந்து மாற்றியது கேட்கிறதா? எழுது.

அன்புடன்,
சரோஜா