எல்லாச் சோதனைக்கும் ஒரே டிடர்ஜென்ட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான உயிர்வேதியியல் பயிற்சி முகாம்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். முகாம்கள் பெருகுவதில் மகிழ்ச்சியே. ஆயினும், புதுச்சேரியிலும் கடலூரிலும் நான் பார்த்த ஆய்வகங்களில், செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபர் கரைசலுக்கு அலமாரியில் எந்த டிடர்ஜென்ட் (சோப்பைப் போல் சவ்வைக் கரைக்கும் பொருள்) இருக்கிறதோ அதையே ஊற்றிவிடும் வழக்கம் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

எஸ்.டி.எஸ். என்ற வலுவான டிடர்ஜென்ட் செல் சவ்வைக் கரைப்பதோடு நில்லாமல் புரதத்தின் மடிப்பையும் குலைத்துவிடும். உட்கரு சிதைந்து டி.என்.ஏ. வெளியேறுவதால், பிப்பெட்டில் உறிஞ்சினால் கரைசல் கோழையாக நூலிழுக்கும். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்க ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பதற்கு அது போதும். நொதியின் செயல்பாட்டை அளக்க உதவாது. அதற்கு டிரைட்டான் எக்ஸ்-100, என்.பி.-40 போன்ற மின்னூட்டமற்ற மென்மையான டிடர்ஜென்ட்டுகளே ஏற்றவை. சைட்டோசாலில், அதாவது செல்லின் உள்திரவத்தில், உள்ளவை மட்டும் வேண்டுமென்றால் டிஜிட்டோனின் இன்னும் நல்லது. அது கொலஸ்டிராலைப் பற்றிக்கொள்வதால், கொலஸ்டிரால் மிகுந்த வெளிச்சவ்வில் முதலில் துளையிடும், குறைந்த செறிவில் மைட்டோகாண்ட்ரியாவைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். டுவீன்-20 சாதுவானதுதான், ஆனால் தனியாகச் செல்லை உடைக்கும் வலு அதற்குப் பெரும்பாலும் போதாது. பல டிடர்ஜென்ட்டுகள் கலந்த ரிபா என்னும் லைசிஸ் பஃபரை மென்மையானதென்று நம்புவோரும் உண்டு. அதில் வழக்கமாக 0.1 சதவீதம் எஸ்.டி.எஸ். சேர்வதால், ஒன்றோடொன்று தளர்வாகப் பிணைந்த புரதங்கள் பிரிந்துவிடக்கூடும்.

மென்மையானது என்பதாலேயே டிரைட்டான் தொல்லை தராது என்றும் சொல்ல முடியாது. அதிலுள்ள பென்சீன் வளையம் 280 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவதால், அந்த அலைநீளத்தில் புரதத்தை அளந்தால் கணக்கு தவறும். புரத அளவைச் சாயத்தால் கணக்கிடும் பிராட்ஃபோர்டு முறையையும் அது குழப்பும், தாமிரத்தைக் கொண்டு கணக்கிடும் பி.சி.ஏ. முறை ஓரளவு தாங்கும். நுண்துளைச் சவ்வுவழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றும் டயாலிசிஸ் செய்து டிரைட்டானை நீக்குவதும் எளிதன்று, ஏனெனில் சுமார் 0.2 மில்லிமோலார் செறிவிலேயே அது மைசெல் என்னும் பெரிய திரள்களாகக் கூடி, அந்தச் சவ்வின் துளைகளில் எளிதில் நுழையாமல் நின்றுவிடுகிறது. அவ்வாறு நீக்க வேண்டிய வேலைக்கு, 20 மில்லிமோலாரைத் தாண்டியே திரளும் ஆக்டைல் குளுக்கோசைடு பொருத்தம். விலைதான் கையைக் கடிக்கும்.

மேலும், டிரைட்டான் சிதையும்போது உருவாகும் ஆக்டைல்ஃபீனால் மீன்களின் ஹார்மோன் இயக்கத்தைப் பாதிப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜனவரி முதல் டிரைட்டான் எக்ஸ்-100 போன்ற பொருள்களை அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை விதித்து, ஆராய்ச்சிக்கு விலக்கு அளித்துள்ளது. நம் ஆய்வகங்களிலோ மிச்சக் கரைசல் நேரே சிங்க்கில்தான் போகிறது. அதைத் தனிக் கேனில் சேர்க்கச் செய்வதற்குப் பெரிய செலவில்லை.

எந்த டிடர்ஜென்ட், எத்தனை சதவீதம், ஏன் அது என்பதை மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும் என்றும், செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்விகளில் அதைக் கேட்க வேண்டும் என்றும் துறைத்தலைவர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.