மூன்றாவது சான்றிதழும் வந்துவிட்டது

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய கணினித் தேர்வுச் சான்றிதழ் வந்தது. அப்பா அதைப் பெரிதாக்கி, உன் பெயரில் பிழை இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பிறகு மாமாவுக்கும் அனுப்பிவிட்டார். மாமா என்ன சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியும். "ஏட்டுச் சுரைக்காய்..." என்று ஆரம்பித்தார், நான் பாதியிலேயே போனை வாங்கிவிட்டேன். அக்காதான் "மூன்றாவதா?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் உறுத்துகிறது.

மாமா சொல்வது தப்பு. ஆள் எடுக்கிற பக்கம் பல வருஷம் உட்கார்ந்தவள் நான், அதனால் சொல்கிறேன். நீ எழுதிய ஏ.டபிள்யூ.எஸ். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டையே எடுத்துக்கொள், அமேசானின் கிளவுட் சேவைக்கான அந்தத் தேர்வை. 130 நிமிஷத்தில் 65 கேள்வி. அதில் 15 கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, எந்த 15 என்றும் சொல்லமாட்டார்கள். ஆயிரத்துக்கு 720 எடுத்தால்தான் தேர்ச்சி. எந்தத் தரவை எங்கே வைப்பது, ஒரு சர்வர் விழுந்தால் அடுத்தது எப்படி எழும் என்பதெல்லாம் தெரியாமல் இதை எழுத முடியாது. வேலையில் இருந்துகொண்டே கற்கிறவர்கள் தங்களுக்குத் தேவைப்பட்டதை மட்டும் தெரிந்துவைத்திருப்பார்கள். தேர்வுக்குப் படித்தவளுக்கு மற்றதும் ஓரளவு தெரிந்திருக்கும். நீ ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்ததை யார் குறைத்துப் பேசினாலும் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் நாலாவதற்குப் பணம் கட்டாதே.

தேர்வில் கேள்வி தெளிவாக இருக்கும். சரியான விடையும் அங்கேயே கண்ணெதிரே இருக்கும். வேலையில் "நேற்று வரை நன்றாக ஓடியது, இன்று இழுக்கிறது" என்று யாரோ சொல்வார்கள், அவ்வளவுதான். அந்த ப்ரோகிராமை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். சர்வர் என்னென்ன செய்தது என்று பதிந்துவைத்திருக்கும் லாகைத் திறந்து, இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். உண்மையான கேள்வி எது என்று பிடிபடுவதற்குள் பாதி நாள் போய்விடும். அந்தப் பொறுமையை எந்தத் தாளும் அளப்பதில்லை. போதாக்குறைக்கு, டம்ப் என்று வெளியே கசிந்த கேள்வி-விடைத் தொகுப்பை வாங்கி மனப்பாடம் செய்து தேறுகிறவர்களும் இருக்கிறார்கள். நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ரெஸ்யூமேயைப் புரட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்?

எல்லாத் தேர்வும் அப்படி என்று சொல்லவில்லை. பல சர்வர்களில் ஓடும் ப்ரோகிராம்களை நிர்வகிக்கிற குபர்னெட்டிஸ் மென்பொருளுக்கான சி.கே.ஏ. தேர்வில் விடையை டிக் அடிக்கிற வேலையே இல்லை. இரண்டு மணி நேரம் கட்டளைகளை டைப் அடிக்கிற டெர்மினலில் உட்கார்ந்து கிளஸ்டரை, அதாவது அந்த சர்வர் கூட்டத்தை, சரிசெய்து காட்ட வேண்டும். அதிகாரபூர்வ ஆவணங்களைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹேட்டின் தேர்வுகளும் இப்படிக் கைவேலைதான். ரெஸ்யூமேயில் இவற்றைப் பார்த்தால் நான் நிதானித்துப் படிப்பேன். அப்போதும் இன்டர்வியூ வைத்துத்தான் எடுப்பேன், வெறும் சான்றிதழை வைத்து இல்லை. அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளர்களுக்கு என்று ஓர் உரிமத் தேர்வே 2013-இல் கொண்டுவந்தார்கள். ஐந்து தடவை நடத்தியும் மொத்தம் 81 பேர்தான் எழுதினார்கள், 2019-உடன் நிறுத்திவிட்டார்கள். நம் தொழிலில் ஒரு காகிதம் இல்லை என்பதற்காக உன்னை யாரும் வாசலிலேயே நிறுத்திவிட முடியாது. இன்னும் ஒன்று இருந்தால் கதவு திறக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்காதே.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று நினைத்தேன். அது இல்லை.

தம்பி எல்லாம் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். அந்த இன்டர்வியூவில் திரையைப் பகிரச் சொல்லி, நீ டைப் அடிப்பதையே அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், உனக்குக் கை ஓடவில்லையாம். அதற்குப் பிறகு நீ எந்த இன்டர்வியூவுக்கும் போகவில்லையாம். இந்த மூன்று சான்றிதழும் அதற்கு அப்புறம் வந்தவைதான், இல்லையா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மாதிரி இன்டர்வியூ எடுத்தவள் நான். என் பிள்ளை தனியாக உட்கார்ந்து மருகியிருக்கிறாள்.

2020-இல் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. கணினி படிக்கும் 48 மாணவர்கள். சிலரைத் தனி அறையில் விட்டு ப்ரோகிராம் எழுதச் சொன்னார்கள், மற்றவர்களை ஆள் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு விளக்கிக்கொண்டே எழுதச் சொன்னார்கள். ஆள் பார்க்க எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. தனியறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். ஆள் முன்னால் எழுதிய பெண்களில் ஒருத்திகூடத் தேறவில்லை. சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் அன்றைக்கு நடந்ததை உன் திறமைக்குப் போட்ட மார்க்காக நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு உன் பதற்றத்தைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

அப்பாவுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்ட நீ செய்துகொடுத்த மருந்து ஆப் இன்னும் ஓடுகிறது, தெரியுமா? மாத்திரை நேரம் தப்பித் தப்பி அடித்ததே, அப்போது சர்வர் யு.டி.சி. என்கிற உலகப் பொது நேரத்திலும் போன் உள்ளூர் நேரத்திலும் இருப்பதை நீயாகக் கண்டுபிடித்தாய். யாரும் உனக்கு நாலு விடை தரவில்லை. அந்த ஆப்பின் ப்ரோகிராம் இருக்கிற ரிப்போவை எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வை. அதன் முகப்புக் குறிப்பான ரீட்மீயில் அந்தப் பிழையைப் பற்றி, என்னென்ன நினைத்துத் தேடினாய், எது பொய்த்தது என்று எழுது. ரெஸ்யூமேயில் சான்றிதழுக்கு மேலே போடு. நான் ஆள் எடுப்பவளாக இருந்தால் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

நாலாவதற்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டாயா? கட்டியிருந்தால் எழுது, போகட்டும். ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் ஒரு இன்டர்வியூவுக்காவது போ.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு திரையைப் பகிர்ந்துகொள். நான் ஒரு கணக்குத் தருகிறேன், பார்த்துக்கொண்டே இருப்பேன், நடுவில் பேசமாட்டேன். நீ வாய்விட்டு யோசித்துக்கொண்டே எழுது. தடுமாறினால் தடுமாறு, அடுத்த ஞாயிறும் உட்காருவோம். அப்பா அறைக்குள் வரமாட்டார், சொல்லிவிட்டேன். மாமாவிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை.

பத்து மணி சரிப்படுமா?

அம்மா