அப்பாவின் கால் ஆறட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கால் புண் இன்னும் ஆறவில்லை என்று படித்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. நான் செய்கிற மருந்தை அனுப்ப முடியுமா என்று அம்மா கேட்கச் சொன்னாளாமே, முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்வது ஹைட்ரோஜெல். பெரும்பகுதி தண்ணீர்தான், அதைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய வலை மீதி. இரண்டாக வெட்டிச் சேர்த்து வைத்தால் சில நிமிடங்களில் தானே ஒட்டிக்கொள்ளும். இதைக் கடல் சிப்பியைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தேனே, யாரோடும் பேசமாட்டார், ஆனால் விடியுமுன் என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவார். அந்தக் காலத்தில் கடலுக்குப் போனவர். என் வேலை என்னவென்று கேட்டவர், மறுநாள் சிப்பி ஒட்டிய ஒரு கல்லைக் கொண்டுவந்து கதவடியில் வைத்திருந்தார்! இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சிப்பியிலிருந்து பழுப்பு நூல்கள் வருகின்றன. ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு குட்டி வட்டு, அதுதான் கல்லைக் கவ்வியிருக்கிறது. அலை அடிக்கும் ஈரப் பாறையில் இப்படி ஒட்டுகிற பசை லேசில் கிடைக்காது. அந்தப் பசைப் புரதத்தில் டோபா என்கிற அமினோ அமிலம் இருப்பதை 1981-ல் வெய்ட், டான்சர் என்ற விஞ்ஞானிகள் காட்டினார்கள். டோபா இரும்பைப் பற்றிக்கொள்ளும். பலமாக இழுத்தால் விட்டுவிடும், மறுபடி பற்றும். அந்தப் பிடியை வைத்தே 2011-ல் தானே ஆறும் ஜெல் செய்தார்கள். நானும் அந்த வழியில்தான் போகிறேன். இரும்பு கலந்த பச்சை நிறக் கரைசலில், அமிலத்தை முறிக்கிற காரத்தைச் சேர்க்கச் சேர்க்க ஊதாவாகி, கருஞ்சிவப்பாகி, இறுகிவரும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஊசிக்குள் இளகிப் போய் உடம்புக்குள் திரும்பக் கெட்டிப்படும், மூட்டு மாதிரி ஓயாமல் அசைகிற இடத்தில் கிழிந்தாலும் சேர்ந்துகொள்ளும் என்பதால்தான் திசுவைச் சரிசெய்ய இதை நம்பி இத்தனை பேர் உழைக்கிறார்கள்.

ஆனால் அக்கா, என் ஜெல் இன்னும் கண்ணாடித் தட்டைத் தாண்டவில்லை. அப்பாவின் புண்ணில் சர்க்கரை, கிருமி, ரத்த ஓட்டம் என்று எல்லாம் சேர்ந்திருக்கிறது. இதற்காகக் காத்திருக்க வேண்டாம், அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். சர்க்கரையால் காலில் உணர்ச்சி மங்கிப்போயிருக்கும். வலிக்கவில்லை என்று அவர் சொன்னால் நம்பிவிடாதே. தினமும் பாதத்தைத் திருப்பிப் பார். கறுத்தாலோ நாற்றம் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ.

இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பழைய கோட்டே போதும், புதிது எதற்கு. ஞாயிறன்றும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுகிறேன், அங்கே கதகதப்பாக இருக்கும், நாலு பேர் வந்துபோவார்கள். உன் கடிதத்தின் அடியில் அப்பா நடுங்கிய கையால் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்ததும், அவர் காலை என் மடியில் வைத்து நானே கட்டு மாற்ற வேண்டும் போலிருந்தது அக்கா.

சரி. இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். வருவதில் முதலில் வைத்தியத்துக்கு எடு. பெரிய மாமா நிலப் பத்திரத்தைக் கேட்டால் நான் வரும்வரை கொடுக்காதே. தம்பியின் பரீட்சைக் கட்டணத்தைக் கடைசித் தேதிவரை இழுக்காமல் கட்டச் சொல். புண்ணின் அகல நீளத்தை அளந்து, டாக்டர் சொன்னதையும் உடனே எழுது.

அன்புடன்,
உன் தங்கை