டயானாவின் ஆவியும் எங்கள் பாவைக்கூத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றிய நெட்ஃப்ளிக்ஸ் தொடர் ‘தி க்ரௌன்’ ஆறாவது சீசனுக்கு உங்கள் இதழில் வந்த விமர்சனம் படித்தேன். தொடர் கடைசியில் சறுக்கிவிட்டது என்பதில் எனக்கு வழக்கில்லை. இறந்த டயானா விமானத்தில் வந்து சார்லஸோடு பேசும் காட்சி ‘பாவைக்கூத்து அளவுக்கு மலிவு’ என்றிருக்கிறாரே உங்கள் விமர்சகர், அவர் பாவைக்கூத்தை எங்கே பார்த்தார்?

என் அம்மாவுக்கு ஒற்றப்பாலம் பக்கம். அங்கே பாவைக்கூத்து என்றால் தோல்பாவைகளின் நிழலை வைத்து ஆடும் இராமாயணம். பகவதி கோயில் கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்கு எரியும். மலையாள மண்ணில் புலவர்கள் விடிய விடியக் கம்பன் பாட்டுச் சொல்லுவார்கள். எதிரே மணலில் தாத்தா, நான், ஒரு நாய். நாங்கள் தூங்கிப்போனாலும் ஒரு பாட்டை விழுங்கமாட்டார்கள், கேட்கிறவள் பகவதி. உங்கள் விமர்சகருக்கு அப்படிப் பயப்பட ஆளில்லை போலும்.

செத்தவர் வந்து பேசினால் மலிவு என்றால் கம்பரும் மலிவுதான். மீட்சிப் படலத்தில் தசரதன் வானிலிருந்து வந்து வரம் கேள் என்கிறான். நீங்கள் துறந்த கைகேயி எனக்குத் தாயாகவும் பரதன் தம்பியாகவும் வேண்டும் என்கிறான் இராமன். இங்கே டயானா வந்து, ஆஸ்பத்திரியில் உடைந்து நின்றதற்காகச் சார்லஸுக்கு நன்றி சொல்கிறார். நன்னடத்தைச் சான்றிதழ்! வசனம்தான் கோளாறு, ஆவியை ஏன் அடிக்கிறார்?

இந்த சீசனின் பத்து பாகமும் ஒரே நாளில் வந்ததாம், விமர்சனம் சொல்கிறது. தப்பு. 2023 நவம்பர் 16-ல் நான்கு, டிசம்பர் 14-ல் ஆறு. பேத்தியின் போனில் காத்திருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

ஐந்தாம் சீசனுக்கு முன்னால், 2022-ல், நடிகை ஜூடி டென்ச் தொடர் கற்பனை என்று அறிவிப்புப் போடச் சொல்லி லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்னோட்டத்தின் கீழ் ‘இது கற்பனை கலந்தது’ என்று போட்டார்கள். நான் உங்களுக்கு எழுதுவது இது நான்காவது. முதல் மூன்றும் சந்தா விஷயம். உறையில் வெறுமனே ‘சித்தூர்’ என்று ஒட்டுகிறீர்கள். இதழ் ஆந்திரச் சித்தூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாம்பார் கறையோடு வருகிறது. போன தீபாவளி மலர் அங்கேயே தங்கிவிட்டது. அங்கும் தமிழர் உண்டு, படித்திருப்பார்கள், சந்தோஷம். தேர்தல் வந்தால் மட்டும் எங்களைப் படம் பிடிக்க ஆள் அனுப்புகிறீர்களே, அவருக்கு வழி சரியாகத் தெரிகிறது.

உறையில் ‘பாலக்காடு’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். மலர் ஒரு பிரதி மிச்சமிருந்தால் அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சித்தூர், பாலக்காடு மாவட்டம், கேரளம்.