பழைய பில்லிங் புரோகிராமை மூடும் முன்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உங்களில் சிலர் இன்றும் பில் போட்டுவரும் ஃபாக்ஸ்ப்ரோ 2.6 புரோகிராமுக்கு, வரும் மார்ச் 31 இரவுக் கணக்கோடு எங்கள் சர்வீஸ் முடிகிறது. அது 16-பிட் என்ற பழைய வகைப் புரோகிராம். 32-பிட் விண்டோஸில்தான் ஓடும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. இப்போதுள்ள மெஷின் படுத்துவிட்டால், புது மெஷினில் அதை நேராக ஏற்ற முடியாது.

புரோகிராம் போனாலும் பில்கள் இருந்தாக வேண்டும். ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். 2021-22 கணக்கென்றால் 2028 டிசம்பர் 31 வரை. மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் இன்னும் நீளும்.

முதலில் புரோகிராமை மூடிவிட்டு, ஃபோல்டரை முழுதாக இரண்டு தனித்தனி டிரைவில் காப்பி எடுங்கள். பில் பதிவுகள் இருக்கும் டிபிஎஃப் (.dbf) ஃபைலை மட்டும் எடுத்தால் போதாது. நீளமான குறிப்புகள் அதே பெயருள்ள எஃப்பிடி (.fpt) ஃபைலில் கிடக்கின்றன. அது இல்லாமல் டிபிஎஃப் திறக்காது.

ஃபாக்ஸ்ப்ரோவில் நீக்கிய பில் உடனே அழிவதில்லை. அந்தப் பதிவின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பழைய பில்களைப் புதுப் புரோகிராமுக்கு மாற்றும் கருவி அந்தக் குறியைக் கவனிக்காவிட்டால் ரத்தான பில்லெல்லாம் விற்பனையில் ஏறிவிடும். அதற்குப் பயந்து, குறி விழுந்த பதிவுகளை அடியோடு அழிக்கும் 'பேக்' கட்டளையைக் கொடுத்துத் துடைத்துவிடாதீர்கள். ரத்தானவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்துத் தருகிறோம்.

அதிகம் சிக்கல் தருவது தமிழ்ப் பெயர்கள்தான். நீங்கள் தமிழ் அடித்துவந்த பாமினி எழுத்துருவில் ஔகாரக் குறிக்கு (ௌ) தனி விசை இல்லை. கொம்பு, எழுத்து, பிறகு 'ள' என்றுதான் அடித்திருப்பீர்கள். இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றினால் 'கௌரி' என்பது 'கெளரி' ஆகிவிடும். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும், ஆனால் 'கௌரி' என்று தேடினால் அந்த அம்மாவின் பாக்கி வராது. சரி, கொம்பு எழுத்தை அடுத்து 'ள' வரும் எல்லா இடத்திலும் மொத்தமாக ஔகாரமாக மாற்றிவிடலாம் என்றால் 'வெள்ளி' கெட்டு 'வௌ்ளி' ஆகிவிடும். ஆகவே இந்தப் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பட்டியலை நாங்கள் தருவோம். யார் கௌரி, எது வெள்ளி என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும்.

மாற்றிய பில்கள் வரும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) ஃபைலை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். 0045 என்ற சரக்குக் குறியீடு 45 ஆகிவிடும். 05/04/22 என்பது ஏப்ரல் 5-ஆ, மே 4-ஆ என்பதை அந்தக் கம்ப்யூட்டரின் தேதி அமைப்பு தீர்மானிக்கும். 'டேட்டா' மெனு வழியாக இறக்கி, எழுத்து முறையாக யுடிஎஃப்-8 தேர்ந்து, குறியீட்டையும் தேதியையும் 'டெக்ஸ்ட்' என்று வையுங்கள்.

மாற்றிய பிறகு மாதவாரியாக பில் எண்ணிக்கை, விற்பனைத் தொகை, வரி மூன்றையும் பழைய பிரிண்டோடு ஒப்பிடுங்கள். ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். தேதி புரண்டிருந்தாலும் ஆண்டு மொத்தம் சரியாகவே நிற்கக்கூடும்.

புதுப் புரோகிராமிலிருந்து இரண்டு மாத ரிட்டர்ன் போகும்வரை பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். இன்டர்நெட் ஒயரைக் கழற்றிவிட்டு ஓரமாக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவினர்