பொருள்: ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸை நிறுத்திவிடும் உங்கள் எஸ்டிகே பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டிகளின் பயண தூரத்தைக் கணக்கிடும் ஆண்ட்ராய்டு ஆப் செய்து கொடுப்பவன் நான். அதில் உங்கள் லோகேஷன் எஸ்டிகேயை (ஆப்புக்குள் சேர்த்துக்கொள்ளும் தயார் நிரல் தொகுப்பு) பயன்படுத்துகிறேன். அதிலுள்ள கனெக்ட் என்ற கட்டளை பற்றி டிக்கெட் போட்டேன், மெயில் அனுப்பினேன், போனிலும் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் புது ஆள், அதே பழைய கேள்விகள்.

கனெக்ட் என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். பின்னணியில் ஓடி தூரத்தை எண்ணும் சர்வீஸோடு இணைய வேண்டியது, அதற்கு முன்பே அதை நிறுத்தும் ஸ்டாப்சர்வீஸைக் கூப்பிடுகிறது. ஆண்ட்ராய்டின் பதிவான லாக்கேட்டில் ஆன்டெஸ்ட்ராய் (சர்வீஸ் முடிகிறது), உடனே ஆன்கிரியேட் (புதிதாகத் தொடங்குகிறது). அதுவரை எண்ணிய பயண தூரம் பூஜ்யம். பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றிய வண்டி கிணத்துக்கடவு வந்திருந்தது. டிரைவர் போனைக் குறுக்கே திருப்பி வைத்தார், திரை மறுபடி உருவாகி கனெக்ட் மீண்டும் ஓடியது, அவ்வளவுதான். கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குகிறவரிடம் நான் என்ன பதில் சொல்வது?

பேட்டரி ஆப்டிமைசேஷனை ஆஃப் பண்ணச் சொன்னார் உங்கள் ஆள். ஆப்பைத் திறக்கும் நொடி வரை சர்வீஸ் ஓடுவதைக் காட்டும் நோட்டிஃபிகேஷன் மேலே நிற்கிறதே, பேட்டரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். "முதல்ல ஆண்ட்ராய்டு கத்துக்கிட்டு வாங்க சார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். ஓடுகிற சர்வீஸோடு மறுபடி பைண்ட் செய்தால், அதாவது இணைந்தால், ஆன்கிரியேட் வராது, அதனோடு பேச உதவும் இருக்கிற பைண்டர்தான் கைக்கு வரும். கற்க வேண்டியது யார்? அடுத்து பேசியவர் இன்னும் ஒரு படி மேலே: வண்டி ஓடும்போது ஆப்பைத் திறக்க வேண்டாம் என்று டிரைவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றார்!

சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னைக்கே வந்தேன். இங்கே சேல்ஸ் மட்டும்தான், டிக்கெட் போடுங்கள் என்று ரிசப்ஷனிலேயே திருப்பி அனுப்பினார்கள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஆண்டுச் சந்தா வாங்கும் வரை இதே சேல்ஸ்காரர் ராத்திரியிலும் போன் எடுத்தார்.

உங்கள் சாம்பிள் ஆப்பிலும் இதே கோளாறு இருக்கிறது, வீடியோ இணைத்துள்ளேன். கோயம்புத்தூரில் இனி ஒருத்தரும் என்னை நம்பி ஆப் செய்யச் சொல்லப்போவதில்லை. என் தொழிலே போய்விட்டது.

தயவுசெய்து திருத்திய பதிப்பைக் கொடுங்கள், இல்லையென்றால் சந்தாவை முழுதாகத் திருப்பித் தாருங்கள். இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், அப்புறம் நுகர்வோர் ஆணையம்தான். வணிகத்துக்கு வாங்கியது என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவனும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

அந்த போன்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதையும் இந்தப் புகாரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சந்தா கட்டிய வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்