பணம் பிடிபடுகிறது, வழக்கு நிற்பதில்லை: மாநிலத் தேர்தல் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடந்து, மார்ச் 2 அன்று பதவியேற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி உறுப்பினர்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. தேர்தல் ஏற்பாடு என்றால் வாக்காளர் பட்டியல், இயந்திரம், பணியாளர் என்று ஆணையத்துக்கு ஆயிரம் வேலை. அவற்றோடு இன்னொன்றையும் இப்போதே கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். ஓட்டுக்குப் பணம் கொடுத்ததாகப் பிடிக்கும் வழக்குகள் ஏன் தண்டனை வரை போவதில்லை என்று பாருங்கள். ஆள் போதவில்லை, வண்டி போதவில்லை என்று காரணம் சொல்லப்படுகிறது. எங்கள் கணிப்பு வேறு. பணம் பிடிபட்ட முதல் நாளில் எழுதப்படும் காகிதங்களிலேயே வழக்கு செத்துப்போகிறது.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவில் குற்றம். 173-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கறிவிருந்து, சாராயம் போன்ற உபசரிப்பு என்றால் அபராதம் மட்டும். நகராட்சித் தேர்தலும் இதற்குள் வரும். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கு உரியது. வார்டு தேர்தல் புகாரில் அதன் 123-ஆம் பிரிவைப் போட்டு எழுதுவது பலரும் செய்யும் முதல் தவறு.

இரண்டாவது தவறுதான் வழக்கையே கொல்கிறது. லஞ்சக் குற்றம் ‘நான்-காக்னிசபிள்’ வகை. குற்றவியல் நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வைத் தொடங்கவே முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174(2) அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தேர்தல் பரபரப்பில் நிலையத்தில் நேராக எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுகிறார்கள். பிறகு உயர் நீதிமன்றத்தில் ஒரு ரத்து மனு போதும், எல்லாம் முடிந்தது. அரசு ஊழியரின் உத்தரவை மீறியது என்ற பிரிவைச் சேர்த்தாலும் வழக்கு பிழைக்காது. அதற்கு அந்த ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது.

காலவரையறையும் இருக்கிறது. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டும், அபராதம் மட்டும் உள்ளதற்கு ஆறு மாதமும் வரம்பு. அதற்குள் முறைப்படி புகார் பதிவாகாவிட்டால் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. கறிவிருந்து வழக்கும், தேர்தல் கணக்கு வைக்காத வழக்கும் அந்த ஆறு மாதக் கணக்கில் வருபவை. தேர்தல் முடிந்ததும் கோப்பு பீரோவுக்குள் போய்விட்டால் வழக்கும் அதோடு போய்விடும்.

அதனால் கேட்கிறோம்: தேர்தல் அறிவிக்கையோடு சேர்த்து, ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் நடுவருக்கு அனுப்ப வேண்டிய அனுமதி மனுவின் மாதிரிப் படிவத்தை அனுப்புங்கள். பணம் பிடித்த அன்றே அல்லது மறுநாள் காலை நீதிமன்றம் திறந்ததும் அது நடுவர் முன் போக வேண்டும். விடுமுறை நாளில் பொறுப்பு நடுவர் யார் என்ற பட்டியல் பறக்கும் படையின் கையில் இருக்க வேண்டும்.

பணம் பிடித்த இடத்திலேயே எழுதும் பறிமுதல் பதிவான மகஜரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ‘உரிய ஆவணமின்றி எடுத்துச் சென்ற தொகை’ என்று எழுதிக் கருவூலத்தில் கட்டிவிட்டால், அது லஞ்சத்துக்குச் சாட்சி ஆகாது. ரூ.50,000 என்பது சோதனைக்கான வரம்பு. அதற்கு மேல் பணம் வைத்திருப்பதே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒரு பேரூராட்சி வார்டில் 700 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். 500 பேர் வாக்களித்து நால்வர் போட்டியிட்டால் 160, 170 வாக்கில் ஒருவர் ஜெயித்துவிடலாம். 60 ஓட்டுக்கு ஐந்நூறு வீதம் என்றால் ரூ.30,000. நெடுஞ்சாலையில் நிற்கும் படையிடம் அது சிக்கவே சிக்காது. சிக்குவது மாட்டுச் சந்தைக்குப் போகும் வியாபாரிதான்.

பணத்தோடு கிடைக்கும் காகிதம்தான் உயிர். வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸ், அதில் வீட்டு வாரியாகப் போட்ட டிக், ஓரத்தில் ‘4’, ‘3’ என்று எழுதிய ஓட்டு எண்ணிக்கை, ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளில் செருகிய தெருப் பெயர். இவற்றை எந்தப் பக்கம், எந்த வரிசை எண் என்று மகஜரில் எழுத வேண்டும். நோட்டு எண்கள், பிடித்த இடத்தின் கதவு எண், இரண்டு உள்ளூர்ச் சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவுப்படி வீடியோ எடுத்துத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். செல்போன் வீடியோவை நீதிமன்றம் ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இரண்டு பகுதிகளாக, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு தேவை. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகலை மட்டும் வைத்திருந்தால் அது எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத் தான் உதவும்.

பணத்துக்குப் பதில், கடையில் பொருள் வாங்கிக்கொள்ளக் கொடுக்கும் டோக்கனை வெறும் காகிதம் என்று விட்டுவிடுகிறார்கள். கொடுப்பதாகச் சொல்வதே கொடுத்ததாகக் கருதப்படும் என்கிறது 170-ஆம் பிரிவு. கடையில் பொருள் வாங்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வாங்கியவரும் குற்றவாளி என்பதால் சாட்சி சொல்ல வீட்டுக்காரர்கள் வரமாட்டார்கள். அதனால்தான் இந்தக் காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு.

கள்ள ஓட்டு விஷயத்தில் போலீசுக்குத் தடை இல்லை. ஆள்மாறாட்டம் காக்னிசபிள் குற்றம், உடனே கைது செய்யலாம். சென்னையில் 2022-ல் சுமார் 44 சதவீதம்தான் வாக்குப்பதிவு. வராதவர் பெயர் அதிகம் உள்ள பட்டியல்தான் கள்ள ஓட்டுக்கு வாய்ப்பான இடம். உண்மையான வாக்காளர் வந்து, தன் ஓட்டு போடப்பட்டுவிட்டதைக் கண்டு போடும் டெண்டர் ஓட்டு எத்தனை என்று பூத் வாரியாக வெளியிடுங்கள். வெற்றி வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால், தோற்றவர் தேர்தல் வழக்குப் போட அதுவே ஆதாரம்.

தேர்தல் நடத்தும் அலுவலர்களாக நகராட்சி ஆணையர்களும் பேரூராட்சி செயல் அலுவலர்களும் அமர்கிறார்கள். யார் மீது இன்று நடவடிக்கை எடுக்க வேண்டுமோ, நாளை அவரே மன்றத் தலைவராக எதிரே உட்காரலாம். தனிப்பட்ட அலுவலரின் நேர்மையைக் குறை சொல்லவில்லை. அந்த இக்கட்டில் யாரையும் நிறுத்தக் கூடாது என்கிறோம். லஞ்சப் புகார்களை மட்டுமாவது வேறு மாவட்ட வருவாய்த் துறை அலுவலரிடம் கொடுங்கள்.

2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலையும் பண விநியோகத்துக்காக இந்தியத் தேர்தல் ஆணையம் நிறுத்தியது. உள்ளாட்சித் தேர்தல்களில் மாநில ஆணையத்துக்கும் அதே அளவு அதிகாரம் உண்டு என்று 2006-ல் கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 2022-ல் சென்னையின் 51, 179-ஆவது வார்டுகளில் பூத் அளவில் மறுவாக்குப்பதிவு நடத்திய ஆணையம், பட்டியலும் பணமும் சேர்ந்து பிடிபட்ட ஒரு வார்டின் தேர்தலையும் ஒத்திவைக்கலாம். எந்த அளவு ஆதாரம் கிடைத்தால் அப்படிச் செய்வீர்கள் என்பதை வேட்புமனு தொடங்கும் முன்பே எழுத்தில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
உள்ளாட்சித் தேர்தல்களில் பணியாற்றும் வழக்கறிஞர்களும் பூத் ஏஜென்ட்களும்